வெண்பலகையில் ஓர் எண்



அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் பாத்திரமும் பணயமும் என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ‘பணயம்’ என்ற சொல்லை நான்தான் கேட்டுச் சேர்த்தேன். நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முரண் என்பார்கள், சிக்கல் என்பார்கள். எனக்கு அவை போதவில்லை. கையை விட்டுப் போய்விடக்கூடிய ஒன்றை எடுத்து நடுவில் வைத்தால்தான் அது பணயம். தோற்றாலும் மறுநாள் வீடு தேடி வந்துவிடும் என்று தெரிந்த பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அறிவியல் புனைவுக்கு இந்த இடத்தில் தனிக் கஷ்டம் இருக்கிறது. மற்ற கதைகளில் செத்தவர் செத்தவர்தான். இந்த வகைக் கதையிலோ காலத்தைத் திருப்பி ஓட்டலாம். இறந்தவருக்கு நகல் எடுக்கலாம். இன்னொரு பிரபஞ்சத்திலிருந்து அதே முகத்தைக் கூட்டி வரலாம். எதையும் மீட்டுக்கொடுக்கும் வல்லமை எழுதுகிறவர் கையில் இருக்கும்போது, பார்க்கிறவர் எதற்காகப் பதற வேண்டும்? இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒரு திரைக்கதை ஆசிரியர் இருக்கிறார். ரொனால்ட் டி. மூர் என்று பெயர். இன்றைய பேச்சில் பெரும்பகுதி அவர் நடந்த வழியைப் பற்றியது.

அதற்கு முன் நான் எங்கிருந்து தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ வந்தது. அமெரிக்காவில் அறுபதுகளில் எடுத்த பழைய தொடர். பக்கத்து வீட்டு டயனோரா பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். ஆங்கிலம் பாதிதான் புரியும். கப்பல் புரியும், ஸ்பாக்கின் கூர்க்காது புரியும். நாலைந்து வாரத்தில் பிள்ளைகள் நாங்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். கேப்டன் கிர்க்கோடு அதுவரை பார்த்திராத ஒரு ஆள் கிரகத்தில் இறங்கினால், அந்த ஆள் சாகப்போகிறான். அது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அவன் போட்டிருந்தது சிவப்புச் சட்டை என்பதும், அந்தச் சிவப்புச் சட்டை அமெரிக்க ரசிகர்களிடையே ஒரு வழக்காகவே ஆகிவிட்டது என்பதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு வீடு இருந்ததா, அவனுக்காக யாராவது காத்துக்கொண்டிருந்தார்களா என்று நாங்கள் கேட்டதே இல்லை. தொடரும் கேட்டதில்லை. அவன் செத்தது அந்த இடம் ஆபத்தானது என்று நமக்குக் காட்டுவதற்காக மட்டும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இங்கே துணைக்கு அழைக்கிறேன். மருட்கை, அதாவது வியப்பு, எதிலிருந்து பிறக்கும் என்று அங்கே நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கண்டிராத பொருள், பேருருவம், நுண்ணுருவம், ஒன்று மற்றொன்றாக மாறுதல். அறிவியல் புனைவு விற்கும் சரக்கு முழுவதும் இந்த நான்கில் அடங்கிவிடுகிறது. அழுகைக்கு அங்கே சொல்லப்படும் நான்கு வேறு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுதல், உற்றாரை இழத்தல், பண்டிருந்த நிலை கெட்டு வருந்துதல், இல்லாமை. மருட்கைக்குப் பணம் வேண்டும். கப்பல் கட்ட வேண்டும், வெடி வைக்க வேண்டும், கணினியில் கிரகம் வரைய வேண்டும். அழுகைக்கு ஒரு முகமும், அந்த முகத்துக்கு நேற்று நடந்தது இன்று நினைவிருப்பதும் போதும். இந்த இரண்டாவது பாதிதான் தொலைக்காட்சிக்குப் பல காலம் எட்டாமல் இருந்தது.

மூர் உள்ளே நுழைந்த கதையே சுவையானது. கார்னெல் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தபோது, தானாக எழுதி வைத்திருந்த ஒரு திரைக்கதையைக் கையோடு எடுத்துப் போய் அங்கே கொடுத்துவிட்டு வந்தார். மாதங்கள் கழித்து, புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை எழுத்தாளர் மைக்கேல் பில்லர் அதைப் படித்து வாங்கினார். ‘தி பாண்டிங்’ என்ற பெயரில் 1989 அக்டோபரில் அது ஒளிபரப்பானது.

கதை இதுதான். ஒரு கிரகத்தில் ஆய்வுக்கு இறங்கிய குழுவில் மார்லா ஆஸ்டர் என்ற பெண் அதிகாரி இருக்கிறார். எப்போதோ முடிந்துபோன ஒரு போரில் புதைத்த வெடி வெடித்து அவர் இறக்கிறார். பழைய தொடராக இருந்தால் அத்தோடு அவர் கதை முடிந்தது. கேப்டன் அடுத்த வேலையைப் பார்ப்பார். மூர் எழுதிய கதை அங்கேதான் தொடங்குகிறது. மார்லாவுக்கு ஜெரமி என்று பன்னிரண்டு வயதில் மகன் இருக்கிறான். அப்பா முன்பே இறந்துவிட்டார். கேப்டன் பிக்கார்ட் அந்தப் பையனிடம் போய்ச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். தூர்தர்ஷன் பார்த்த பிள்ளைகள் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியை அமெரிக்காவில் ஒரு இளைஞர் கேட்டிருந்தார் என்று அந்தப் பகுதியைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரிக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. இருபத்துநான்காம் நூற்றாண்டு மனிதர்கள் சாவை ஏற்கப் பழகியவர்கள், அந்தக் காலத்துக் குழந்தை இப்படித் துக்கப்படாது என்பது அவர் வாதம். அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். மனித குலம் பொறாமையையும் பகையையும் கடந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கைதான் ஸ்டார் ட்ரெக்கை ஸ்டார் ட்ரெக்காக ஆக்கியது. ஆனால் அந்த நம்பிக்கை எழுத்தாளர்களின் கையைக் கட்டியது. கப்பலில் இருப்பவர்கள் தங்களுக்குள் சண்டை போடக் கூடாது, மனக்கசப்பு கூடாது, துக்கம் நீடிக்கக் கூடாது. பில்லர் அந்தத் தடையையே கதைக்குள் இழுத்துக்கொண்டார். ஜெரமி முதலில் அழாமல் நிற்கிறான். அந்த அழாமைதான் நம்மைப் பதறவைக்கிறது.

பிறகு அந்தக் கிரகத்து உயிர் ஒன்று, பையன் மேல் இரக்கப்பட்டு, அவன் தாயின் உருவத்தில் வந்து நிற்கிறது. பழைய வீட்டைக்கூட உருவாக்கித் தருகிறது. என்னோடு வந்துவிடு, உனக்கு ஒரு குறையும் இருக்காது என்கிறது. பிக்கார்ட் அதை மறுக்கிறார். அறிவியல் புனைவால் எளிதாகக் கொடுக்க முடிந்த ஒன்றை, இறந்த தாயைத் திருப்பித் தருவதை, தன் முதல் திரைக்கதையிலேயே மூர் வேண்டாம் என்று தள்ளினார். பையன் கடைசியில் வாய்விட்டுக் கோபப்படுகிறான். தன் அம்மாவைக் கூட்டிப்போன அதிகாரி வோர்ஃபைப் பார்த்து, நீ ஏன் சாகவில்லை என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவன் நமக்கு நிஜமான பையன்.

அடுத்த ஆண்டு இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. போர்க் என்ற இயந்திரக் கூட்டம் பிக்கார்டைப் பிடித்துத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. அவருடைய அறிவையே ஆயுதமாக்கி, வுல்ஃப் 359 என்ற இடத்தில் அவருடைய சொந்தப் படையின் 39 கப்பல்களை அழிக்கிறது. ஏறக்குறைய 11,000 பேர் சாகிறார்கள். இரண்டு பகுதிகளாக வந்த அந்தக் கதையின் முடிவில் பிக்கார்ட் மீட்கப்படுகிறார். வழக்கப்படி அடுத்த வாரம் புதிய கிரகம், புதிய சிக்கல் என்று போயிருக்க வேண்டும்.

ஏன் அது வழக்கம் என்பதைச் சொன்னால்தான் மூர் செய்தது விளங்கும். அன்றைய அமெரிக்கத் தொடர்கள் மறு ஒளிபரப்பில்தான் பணம் பார்த்தன. நெக்ஸ்ட் ஜெனரேஷனோ பெரிய வலையமைப்பு எதிலும் வராமல், ஊர் ஊராக உள்ள தனி நிலையங்களுக்கே விற்கப்பட்ட தொடர். பின்னாளில் எந்த நிலையம் எந்தப் பகுதியை எந்த வரிசையில் போடும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பகுதியும் தனியே நிற்க வேண்டும். முடியும்போது எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். பாத்திரங்களுக்கு நினைவு இல்லாமல் போனதற்கு எழுத்தாளர்களின் திறமைக் குறைவு காரணமில்லை. வியாபாரம் அப்படிக் கேட்டது.

1990 அக்டோபரில் வந்த ‘ஃபேமிலி’யில் மூர் அந்த வழக்கத்தை உடைத்தார். பில்லர் பின்னால் நின்று அவருக்காகப் போராடினார். கப்பலின் கட்டுப்பாட்டு மேடை அந்தப் பகுதியில் வருவதே இல்லை. பிக்கார்ட் பிரான்சில் தன் சொந்த ஊருக்குப் போகிறார். அண்ணன் ராபர்ட் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். தம்பி ஊரை விட்டுப் போன ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இருவரும் தோட்டத்துச் சேற்றில் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். சேறு பூசிய முகத்தோடு சிரிக்கத் தொடங்கிய பிக்கார்ட், சிரிப்பு முடிவதற்குள் உடைந்து அழுகிறார். தன்னால் தடுக்க முடியவில்லையே, தனக்கு அந்த அளவு பலம் இல்லாமல் போயிற்றே என்கிறார். பேட்ரிக் ஸ்டூவர்ட் ஷேக்ஸ்பியர் மேடையிலிருந்து வந்த நடிகர். அவ்வளவு காலம் இரும்பாக நின்ற அந்த உடல் குலுங்குவதைப் பார்க்கும்போது ‘அசைவு’ என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் எழுதிய பொருள் கண்முன் நிற்கும்: பண்டை நிலை கெட்டு வருந்துதல். அதில் வெடி இல்லை, எதிரி இல்லை. ஆனாலும் போர்க் படையெடுப்பில் உண்மையில் என்ன பணயம் வைக்கப்பட்டிருந்தது என்று நமக்குத் தெரிவது அந்தச் சேற்றில்தான்.

அந்தக் கணக்கு அத்தோடும் தீரவில்லை. 1993 ஜனவரியில் அதே ஸ்டார் ட்ரெக் வரிசையில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடங்கியபோது அதன் நாயகன் சிஸ்கோ, வுல்ஃப் 359இல் மனைவியைப் பறிகொடுத்தவர். முதல் பகுதியிலேயே அவரும் பிக்கார்டும் எதிரெதிரே உட்காருகிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லாத பேச்சு; ஆனால் சிஸ்கோவின் கண்ணைப் பிக்கார்டால் நேராகத் தாங்க முடியவில்லை. அந்த 11,000 பேரில் ஒருத்திக்கு ஜெனிஃபர் என்று பெயர் கிடைத்துவிட்டது.

மூர் டீப் ஸ்பேஸ் நைனில் பல ஆண்டுகள் எழுதினார். அது முடிந்தபின் 1999இல் அதே வரிசையின் ‘வாயேஜர்’ தொடருக்குப் போய், சில வாரங்களிலேயே வெளியேறினார். அவர் வெளியேறிய காரணத்தில் இன்றைய பேச்சின் நடுப்புள்ளி இருக்கிறது.

வாயேஜரின் கரு அருமையானது. வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துக்கு ஒரு கப்பல் தூக்கி எறியப்படுகிறது. திரும்பி வர 75 ஆண்டு ஆகும். பழுதுபார்க்கத் துறைமுகம் இல்லை, உதவிக்கு வர யாரும் இல்லை. தொடக்கத்தில் ஒரு பகுதியில் துணைத் தலைவர் சகோட்டே சொல்கிறார்: நம்மிடம் 38 டார்பிடோக்கள் இருக்கின்றன, தீர்ந்தால் வேறு கிடைக்காது. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 38 என்று ஒரு எண் சொன்னால் பார்வையாளர் மனதுக்குள் கழித்துக்கொண்டே வருவார். ஏழு ஆண்டுகளில் அந்தக் கப்பல் அதைக் காட்டிலும் மிக அதிகமான டார்பிடோக்களை எறிந்தது. யாரும் கணக்குக் கேட்கவில்லை. கப்பலின் சுவரில் ஒரு கீறல் மிச்சமில்லை, சீருடையில் ஒரு ஒட்டு இல்லை. 1997இல் ‘இயர் ஆஃப் ஹெல்’ என்று இரண்டு பகுதிக் கதை ஒன்று வந்தது. கப்பல் சிதைகிறது, ஆட்கள் சாகிறார்கள், கேப்டன் ஜேன்வே தீக்காயத்தோடு கடைசிவரை நிற்கிறார். பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைக்கும். கடைசி நிமிடத்தில் காலம் திருத்தப்படுகிறது. எதுவுமே நடக்கவில்லை என்றாகிறது. யாருக்கும் எதுவும் நினைவில்லை. நமக்கு மட்டும் நினைவிருக்கிறது. துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தபின், அப்படி ஒரு வீடே இல்லை என்று யாரோ சொன்னதுபோல எனக்கு இருந்தது. தனித்துவிடப்பட்ட கப்பல் காலப்போக்கில் மாற வேண்டாமா, அதில் இருப்பவர்களின் வாழ்க்கை தடம் மாற வேண்டாமா என்று மூர் பின்னால் வெளிப்படையாகவே தன் ஆதங்கத்தைச் சொன்னார்.

இந்த இடத்தில் அவரை விட்டுச் சிறிது விலக வேண்டும். அதே ஆண்டுகளில் வேறொருவர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். ‘பாபிலன் 5’ தொடரை உருவாக்கிய மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி. ஐந்து ஆண்டுக் கதையையும் முன்கூட்டியே திட்டமிட்டு, 110 பகுதிகளில் 92ஐத் தானே எழுதியவர். அதில் லோண்டோ என்ற சென்டாரி தூதரும் ஜிகார் என்ற நார்ன் தூதரும் வருகிறார்கள். ஒரு காலத்தில் சென்டாரிகள் நார்ன்களை அடிமைப்படுத்தி ஆண்டவர்கள். லோண்டோவின் சாவு எப்படி நேரும் என்பது 1994இல் வந்த முதல் சீசனின் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அவரே கனவில் கண்டிருக்கிறார்: முதுமையில், அவரும் ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டு.

முடிவு தெரிந்துவிட்டால் பணயம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர்க் கூத்தில் கர்ண மோட்சம் பார்க்க உட்காரும் கூட்டத்தில் கர்ணன் சாவான் என்று தெரியாதவர் யார்? போருக்குக் கிளம்புமுன் கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் ஊர் மொத்தமும் விழித்து உட்கார்ந்திருக்கும். அவன் சாவானா என்ற கேள்வி அங்கே இல்லை. என்ன மனத்தோடு போகிறான் என்பதற்குத்தான் அத்தனை பேர் விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

‘தி கமிங் ஆஃப் ஷேடோஸ்’ என்ற பகுதி 1995இல் வந்து அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்றது. சென்டாரி பேரரசர், தன் இனம் செய்த கொடுமைக்கு நார்ன்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காக, உடல்நலம் குன்றிய நிலையில் பயணம் வருகிறார். சொல்வதற்குள் சரிந்து விழுகிறார். மருத்துவர் வழியாக அந்த மன்னிப்பு ஜிகாரிடம் வந்து சேருகிறது. அவரோ அன்று அந்தப் பேரரசரைக் கொல்லக் கத்தியோடு கிளம்பியவர். மனம் உருகி, நேரே லோண்டோவைத் தேடிப் போய், ஒரு பானம் வாங்கிக் கொடுத்து, உங்கள் பேரரசரின் நலத்துக்கு என்று கோப்பையை உயர்த்துகிறார். நார்ன் குடியிருப்பு ஒன்றைத் தாக்கி அழிக்க லோண்டோ ஏற்கெனவே இரகசியமாக ஏற்பாடு செய்துவிட்டார். அது ஜிகாருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். லோண்டோ கோப்பையை வாங்கிக் குடிக்கிறார். பீட்டர் ஜுராசிக்கின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள். தடுத்து நிறுத்த மனம் தவிக்கிறது, நேரம் கடந்துவிட்டது, எதிரே நிற்பவனோ வாழ்நாளில் முதன்முறையாகச் சிரிக்கிறான். ஒரு போர் தொடங்குகிறது. அதைக் காட்ட அங்கே இரண்டு கோப்பைகள்தான் இருக்கின்றன. நான் பார்த்த அறிவியல் புனைவு முழுவதிலும் இதற்கு நிகரான காட்சியைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சிலவே தோன்றுகின்றன.

இனி மூரிடம் திரும்புகிறேன். 1978இல் கிளென் லார்சன் எடுத்த பழைய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வைப் புதிதாக எடுக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது. 2003 டிசம்பரில் குறுந்தொடர். 2004 முதல் 2009 வரை முழுத்தொடர். மனிதர்கள் உருவாக்கிய சைலான் இயந்திரங்கள் திரும்பி வந்து பன்னிரண்டு உலகங்களையும் ஒரே நாளில் அழிக்கின்றன. எஞ்சியது ஒரு பழைய போர்க்கப்பலும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்ட பொதுமக்கள் கப்பல்களும். அரசில் அனைவரும் இறந்துபோக, வாரிசு வரிசையில் 43ஆவது இடத்தில் இருந்த கல்வி அமைச்சர் லாரா ராஸ்லின் அதிபராகிறார். அன்று காலைதான் மருத்துவர் அவரிடம் மார்பகப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்.

ராஸ்லின் தன் கப்பலில் ஒரு வெண்பலகை வைத்திருக்கிறார். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை அதில் எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் தொடரின் தொடக்க எழுத்தோட்டத்திலும் அந்த எண் வரத் தொடங்கியது. வாயேஜரின் 38ஐ யாரும் கழிக்கவில்லை. இங்கே கழித்தார்கள்.

முழுத்தொடரின் முதல் பகுதிக்குப் பெயரே ‘33’. மூர் எழுதியது, 2005இல் ஹியூகோ விருது பெற்றது. தப்பி ஓடும் கப்பல்கள் எங்கே தாவினாலும் சரியாக 33 நிமிடத்தில் சைலான்கள் வந்து நிற்கின்றன. மறுபடி தாவ வேண்டும். 237 முறை ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 130 மணி நேரம். ஐந்து நாளுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. ஏன் 33 என்று தொடர் கடைசிவரை சொல்லவில்லை. மூர் வேண்டுமென்றே விட்டார். இங்கே எதிரி யார் என்று பார்த்தால் தூக்கம்தான். தாடி வளர்ந்த முகங்கள், மாத்திரை போட்டு விமானம் ஓட்டும் விமானிகள், எதிரே நிற்பவரின் பேச்சு காதில் ஏறச் சிறிது நேரம் எடுக்கும் அதிகாரிகள். தொழில்நுட்பம் எவ்வளவு நம்பும்படி இருக்கிறது என்று விவாதிப்பவர்கள் இந்தக் கண்களைப் பார்க்க வேண்டும். கண்ணெரிச்சல் உண்மையாக இருந்ததால் நான் அந்தத் தாவலையும் நம்பினேன்.

ஒரு தாவலில் ‘ஒலிம்பிக் கேரியர்’ என்ற பயணிகள் கப்பல் காணாமல் போகிறது. அதில் 1,345 பேர். 33 நிமிடம் ஆகிறது, சைலான்கள் வரவில்லை. அப்படியானால் அவர்கள் அந்தக் கப்பலைப் பின்தொடர்ந்துதான் வந்தார்களா? சில மணி நேரம் கழித்து அந்தக் கப்பல் திரும்பி வருகிறது. அதில் அணுகுண்டு இருப்பதாகக் கருவி காட்டுகிறது. நில் என்றால் நிற்கவில்லை. தளபதி அடாமாவும் ராஸ்லினும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். அடாமாவின் மகன் லீ அருகில் பறந்து போய் ஜன்னல்களைப் பார்க்கிறான். உள்ளே யாரும் தெரியவில்லை. அதனால் யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? சுடுகிறான்.

இந்தப் பகுதியை நான் பார்த்தது 2006 வாக்கில். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் நாகப்பட்டினத்தில், பள்ளிக்கூடம் ஒன்றில் அமைந்த சுனாமி நிவாரண முகாமில் சில நாள் உதவிக்கு இருந்தேன். வகுப்பறைக் கரும்பலகையில் முகாமில் இருப்பவர்களின் எண்ணிக்கையைச் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். சாப்பாட்டுக்கு அது தேவை. எழுதும் பெரியவர் பழைய எண்ணைத் துணியால் துடைக்க மாட்டார். உள்ளங்கையால் மெதுவாக அழிப்பார். மூதாட்டி ஒருவர் தினமும் வந்து பலகையைப் பார்ப்பார். படிக்கத் தெரியாது. எங்க பையன் பேரு அதுல ஏறிருச்சா தம்பி, என்று என்னைக் கேட்பார். அதில் பெயர் எதுவும் இருக்காது பாட்டி, எண் மட்டும்தான் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. கேலக்டிகாவில் ஒரு நடைபாதை உண்டு. காணாமல் போனவர்களின் புகைப்படங்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருப்பார்கள். வெண்பலகையையும் அந்தச் சுவரையும் ஒரே பகுதியில் வைக்க வேண்டும் என்று மூருக்குத் தோன்றியிருக்கிறதே என்று அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘33’ பகுதி 50,298 என்ற எண்ணோடு தொடங்குகிறது. முடிவில் ராஸ்லின் மிகவும் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது உதவியாளர் வந்து, ஒரு கப்பலில் குழந்தை பிறந்திருக்கிறது என்கிறார். ராஸ்லின் எழுந்து போய் ஒன்றைக் கூட்டி 47,973 என்று எழுதுகிறார்.

இந்த எண்ணை நான் கொண்டாடிவிட்டுப் போய்விட முடியாது. தொடரே அப்படி விடவில்லை. கருத்தடை, கருக்கலைப்பு உரிமைகளுக்காகத் தன் அரசியல் வாழ்க்கை முழுவதும் போராடியவர் ராஸ்லின். 2006இல் வந்த ‘தி கேப்டன்ஸ் ஹேண்ட்’ பகுதியில், இனம் அழிந்துவிடும் என்ற கணக்கைக் காட்டி அதே ராஸ்லின் கருக்கலைப்பைத் தடைசெய்கிறார். எந்த வெண்பலகையால் அவர் நமக்கு நெருக்கமானாரோ அதே பலகை ஒரு இளம் பெண்ணின் உடல்மேல் சட்டமாக விழுகிறது. அவர் செய்தது சரி என்று தொடர் வாதாடவில்லை. அவருக்கும் அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. நம்பத்தகுந்த பாத்திரம் என்று எதைச் சொல்கிறோம் என்று மாணவர்கள் என்னைக் கேட்கும்போது இந்தப் பகுதியைத்தான் பார்க்கச் சொல்கிறேன். தன் சொந்த நம்பிக்கையை ஒருவர் விலையாகக் கொடுக்கிறார். கொடுத்தது என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

லீயின் கணக்கும் மூடப்படவில்லை. 2007இல், சுமார் ஐம்பது பகுதிகள் தாண்டி, ஒரு துரோக வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறும் லீ, மன்னிக்கப்பட்ட குற்றங்களை வரிசையாகச் சொல்கிறான். ஒலிம்பிக் கேரியரைச் சுட்டது நான், அதில் ஆயிரத்துக்கும் மேல் மக்கள், எனக்கு மன்னிப்புக் கிடைத்தது என்கிறான். நடுவில் அதை மறந்திருந்த பார்வையாளர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவன் மறக்கவில்லை.

சைலான்களுக்கு மூர் கொடுத்த இயல்பும் இதோடு சேர்ந்தது. அவர்கள் செத்தால் நினைவு வேறு உடலுக்கு மாறி விழித்துக்கொள்வார்கள். வாயேஜர் தன் மாந்தருக்கு இரகசியமாகக் கொடுத்த வரத்தை மூர் வெளிப்படையாக எதிரிக்குக் கொடுத்தார். நான்காவது சீசனில் சைலான்களிலேயே ஒரு பிரிவினர், சாவு இல்லாததால் எங்கள் வாழ்வுக்குப் பொருளில்லை என்று சொல்லி, மறுபிறப்பு மையத்தை மனிதர்களோடு சேர்ந்து அழிக்கிறார்கள்.

அதே மூர் தன் விதியைத் தானே மீறினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். விமானி ஸ்டார்பக் மூன்றாவது சீசனில் இறக்கிறாள். அந்த இழவு என்னைப் பல நாள் விடவில்லை. சீசன் முடிவில் அவள் திரும்பி வருகிறாள். எப்படி என்று விளக்கம் இல்லை. இறுதியில் புல்வெளியில் நின்றவள் காணாமல் போகிறாள். நான் அதை ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. ஐந்து ஆண்டு எண்ணி எண்ணிக் கழித்த தொடர், ஒரு உயிருக்கு மட்டும் கணக்குக் காட்டாமல் விட்டது.

ராஸ்லினுக்கும் அப்படி ஒன்று நடக்கப் பார்த்தது. இரண்டாவது சீசனில் சைலான் கலப்புக் குழந்தை ஒன்றின் இரத்தம் அவருடைய புற்றுநோயைக் குணமாக்குகிறது. அன்று எனக்குக் கோபமே வந்தது. பிறகு நோய் திரும்புகிறது. தலைமுடி கொட்டுகிறது. குறுந்தொடரின் முதல் காட்சிகளில் மருத்துவர் சொன்னது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

2009 மார்ச் 20 அன்று இறுதிப் பகுதி. குடியேற ஒரு நிலம் கிடைத்துவிட்டது. அடாமா ராஸ்லினைச் சிறிய விமானம் ஒன்றில் ஏற்றிக்கொண்டு புல்வெளிக்கு மேலே தாழப் பறக்கிறார். கீழே விலங்குக் கூட்டம், நீர்நிலையில் பூநாரைகள். எவ்வளவு உயிர்கள் என்று ராஸ்லின் மூச்சுக்கிடையில் வியக்கிறார். அடாமா முன்னால் பார்த்தபடி, எங்கே வீடு கட்டலாம், காலை வெயில் எப்படி விழும் என்று பேசிக்கொண்டே ஓட்டுகிறார். பக்கத்தில் பதில் இல்லை. திரும்பிப் பார்க்கிறார். தன் விரல் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போடுகிறார். அந்தக் காட்சியில் வெண்பலகை கிடையாது. எண்ணை அழித்து ஒன்றைக் கழித்து எழுத வேண்டியவர், அந்த இருக்கையில் தலை சாய்ந்து இருக்கிறார்.